டீப் ஹவுஸ் மிக்ஸிங்: பீட் ஒட்டிருச்சு, ஆனா ஏன் காதுல உறுத்துது?

ரெண்டு டீப் ஹவுஸ் ட்ராக்க ஒண்ணு மேல ஒண்ணு போட்டு மிக்ஸ் பண்றப்ப, கிக் மேல கிக் கரெக்டா விழும், டெம்போ ஒட்டிருக்கும், ஆனா சிந்த் பேடும் (நீண்டு ஒலிக்கிற சிந்தசைசர் சவுண்டு) பேஸ்லைனும் உள்ள வந்த உடனே சுருதி விலகின மாதிரி ஒரு உறுத்தல் வரும். புதுசா ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு இத பீட் பிரச்சனைன்னு நினைச்சு டிஜே ப்ளேயர்ல இருக்கிற ஜாக் வீல தள்ளித் தள்ளிப் பாப்பாங்க. பீட்ல ஒரு தப்பும் இருக்காது, ரெண்டு ட்ராக்கோட கீ, அதாவது அது நடக்கிற ஸ்வரக் கட்டு, ஒத்துப்போகல, அவ்ளோதான் விஷயம்.

இது எல்லா வகை மியூசிக்லயும் இவ்ளோ பெரிய விஷயம் கிடையாது. ஹிப் ஹாப்ல டக்குன்னு கட் பண்ணி அடுத்த பாட்டுக்குப் போயிடலாம், ட்ரம்ஸ் மட்டுமே ஓடுற டெக்னோல கார்டே (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) சில நேரம் இருக்காது. டீப் ஹவுஸ் அப்படி இல்ல. 1980கள்ல சிகாகோல லேரி ஹேர்ட் மாதிரி ப்ரொட்யூசர்ஸ் ஹவுஸ் பீட்டுக்கு மேல ஜாஸ், சோல் பக்கத்துல இருந்து வந்த மைனர் செவன்த், நைன்த் கார்டுகள போட்டு நீட்டி வாசிச்சு உருவாக்குன சவுண்ட் இது, அதனால ட்ராக் முழுக்க கார்டு நிறைஞ்சு நிக்கும். அதோட டீப் ஹவுஸ்ல மிக்ஸ் பண்ற வழக்கமே மெதுவா நீளமா கலக்கிறதுதான். 122 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 122 பீட்) 32 பார் (ஒரு பார்னா நாலு பீட்) கலக்குறீங்கன்னா கிட்டத்தட்ட 63 செகண்ட், ஒரு நிமிஷத்துக்கும் மேல ரெண்டு ட்ராக்கும் சேர்ந்து ஓடுது. ரெண்டு செகண்ட் உரசினா யாரும் கவனிக்க மாட்டாங்க, ஒரு நிமிஷம் உரசினா ஆடிட்டு இருக்கிறவங்களுக்கு காரணம் தெரியாட்டியும் ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சிடும். கீழ சொல்லப்போற எல்லாத்துக்கும் அடிப்படை இந்த நீளமான கலவைதான், அத மனசுல வச்சுக்கங்க.

முதல்ல டெம்போ. பிபிஎம்ங்கிறது ஒரு நிமிஷத்துக்கு எத்தன பீட்ங்கிற கணக்கு. டீப் ஹவுஸ் பெரும்பாலும் 118ல இருந்து 125க்குள்ள இருக்கும், அதுக்குக் கீழயும் மேலயும் உண்டு, ஆனா பெரும்பாலான ட்ராக் இந்த இடத்துலதான். 120 பிபிஎம்னா ஒரு பீட் அரை செகண்ட், நாலு பீட் சேர்ந்தா ஒரு பார், அது 2 செகண்ட், 16 பார் 32 செகண்ட். ஹவுஸ் மியூசிக் பெரும்பாலும் 8 பார், 16 பார்னு கட்டுக்கட்டா எழுதப்பட்டிருக்கும், அந்தக் கட்டு ஆரம்பிக்கிற இடத்துலதான் ஹை ஹேட் உள்ள வரும், பேஸ் நுழையும், வோக்கல் வெளிய போகும். இதத்தான் ஃப்ரேஸ்னு சொல்றாங்க. ரெண்டாவது ட்ராக்க இந்த ஃப்ரேஸ் ஆரம்பிக்கிற முதல் பீட்லயே ஸ்டார்ட் பண்ணணும், நடுவுல எங்கயாவது ஆரம்பிச்சா பிபிஎம் ஒத்துப்போனாலும் முதல் ட்ராக் ஒரு பக்கம் ஏறும், ரெண்டாவது ட்ராக் இன்னொரு பக்கம் இறங்கும், கேக்கிறவங்களுக்கு பிடிமானமே இருக்காது.

டெம்போ ஒத்துப்போறதுன்னா கிட்டத்தட்ட ஒத்துப்போனா போதாது. 120க்கும் 120.1க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஆனா 32 பார் ஓடுறதுக்குள்ள ரெண்டு கிக்குக்கும் நடுவுல 50 மில்லி செகண்டுக்கு மேல இடைவெளி வந்துடும், ஒரு கிக் கேக்க வேண்டிய இடத்துல தட தடன்னு ரெட்டை அடி கேக்கும். சின்ன மிக்ஸ்னா இது தெரியாமலே போயிருக்கும். டெம்போவ தானா ஒட்ட வைக்கிற சிங்க் பட்டன் இருக்கேன்னு கேப்பீங்க, தாராளமா யூஸ் பண்ணுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா சிங்க் நம்புறது சாஃப்ட்வேர் போட்டு வச்சிருக்கிற பீட்கிரிட்ட, அதாவது ஒவ்வொரு பீட் மேலயும் அது போடுற கோட்ட. அந்தக் கோடு கிக் மேல சரியா உக்காந்திருக்கான்னு ட்ராக்கோட ஆரம்பத்துலயும் நடுவுலயும் கடைசிலயும் ஒரு தடவ ஜூம் பண்ணிப் பாத்துடுங்க. கம்ப்யூட்டர்ல செஞ்ச ட்ராக்னா பிரச்சனை வராது, பழைய வைனில்ல இருந்து எடுத்த ஃபைல், மனுஷங்க கையால வாசிச்ச ட்ரம்ஸ் இருக்கிற ட்ராக் எல்லாம் டெம்போ கொஞ்சம் கொஞ்சமா நகரும், அங்க காது கேட்டு கையாலதான் பிடிக்கணும்.

இன்னொண்ணு, பிபிஎம் சரி, கிரிட்டும் சரி, ஆனாலும் ஹை ஹேட் மட்டும் சலசலன்னு கலைஞ்சு கேக்குதுன்னா அது ஸ்விங். டீப் ஹவுஸ் ப்ரொட்யூசர்ஸ் சிக்ஸ்டீன்த் நோட்ல ரெண்டாவத வேணும்னே கொஞ்சம் தள்ளி வைப்பாங்க, அதுதான் அந்த அசைஞ்சாடுற உணர்வக் கொடுக்குது. 120 பிபிஎம்ல 58 சதவீத ஸ்விங்னா அந்த ஹேட் 20 மில்லி செகண்ட் தாமதமா விழும். ஒரு ட்ராக் நேரா இருக்கு, இன்னொண்ணு இப்படி சாய்ஞ்சு இருக்குன்னா ரெண்டையும் எந்த பட்டனாலயும் ஒட்ட வைக்க முடியாது, ஒரு ட்ராக்கோட ஹை ஈக்யூவ (மேல் அதிர்வெண்ண கூட்டிக் குறைக்கிற நாப்) குறைச்சு ஒரே ஒரு ஹேட்ட மட்டும் கேக்க விடுறதுதான் வழி.

சரி, இப்ப கீ. ஒரு ட்ராக் எந்த ஸ்வரத்த வீடா வச்சுக்கிட்டு, எந்த ஏழு ஸ்வரத்தச் சுத்தி நடக்குதோ அதுதான் அதோட கீ. மேஜர் 12, மைனர் 12, மொத்தம் 24. டீப் ஹவுஸ்ல பெரும்பகுதி மைனர்தான். ஏ மைனர்ல இருக்கிற நோட்ஸ்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. சி மேஜர்லயும் அதே ஏழுதான், ஆரம்பிக்கிற இடம் மட்டும் வேற. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இது உடனே பிடிபடும், சங்கராபரணத்தோட தைவதத்த ஸட்ஜமா வச்சு வாசிச்சா நடபைரவி வர்ற அதே கிரகபேதம்தான் இது.

இந்த 24 கீயையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்ங்கிறதுக்காக வந்ததுதான் கேமலாட் வீல். கடிகார முகம் மாதிரி 1ல இருந்து 12 வரைக்கும் நம்பர், மைனர்னா பக்கத்துல ஏ, மேஜர்னா பி. ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி, ஈ மைனர் 9ஏ, டி மைனர் 7ஏ. கவனிங்க, இங்க வர்ற ஏ, பி நோட்டோட பேரு இல்ல, மைனர் மேஜர் குறி மட்டும்தான், இதுல நிறைய பேரு குழம்புவாங்க. ஒரு ட்ராக்ல இருந்து அடுத்ததுக்குப் போறப்ப ஒரே நம்பர்ல இருக்கலாம், ஒரு நம்பர் மேலயோ கீழயோ போகலாம், அதே நம்பர்ல ஏல இருந்து பிக்கு மாறலாம். 12க்கு அடுத்தது 1. ட்ராக்டர்ங்கிற டிஜே சாஃப்ட்வேர்ல வேற நம்பர் முறை காட்டும், அங்க ஏ மைனர் 1எம், நம்பர் வேறயா இருந்தாலும் பக்கத்துப் பக்கத்து நம்பர் சேரும்ங்கிற விதி அப்படியே பொருந்தும்.

ஆனா ஏன் பக்கத்து நம்பர் சேருதுன்னு புரிஞ்சுக்கிட்டாத்தான் எப்ப சேராதுன்னும் தெரியும், அதனால இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாப்போம். 8ஏ, 9ஏ எடுத்துக்கங்க. ஏ மைனரும் ஈ மைனரும் ஏழுல ஆறு நோட்ட பகிர்ந்துக்குது, வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, அங்க எஃப், இங்க எஃப் ஷார்ப். முதல் ட்ராக்கோட பேஸ் ஏல நிக்குது, அதுக்கு மேல ரெண்டாவது ட்ராக்கோட ஈ மைனர் செவன்த் பேட் மெல்ல வருதுன்னு வச்சுக்கங்க, அதுல இருக்கிறது ஈ, ஜி, பி, டி, இது ஏ மேல உக்காரும்போது ரொம்ப அழகா, ஏதோ புது கார்டு ஒண்ண நீங்களே எழுதின மாதிரி கேக்கும். டீப் ஹவுஸ் மிக்ஸிங்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், ரெண்டு ட்ராக்லயும் தனித்தனியா இல்லாத ஒரு மூணாவது கார்டு அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் பிறக்கும். அதே நேரம் முதல் ட்ராக்ல எஃப் மேஜர் செவன்த் வர்ற இடமும் ரெண்டாவது ட்ராக்ல எஃப் ஷார்ப் இருக்கிற பி மைனர் வர்ற இடமும் ஒரே பார்ல மோதுச்சுன்னா, வீல் சரின்னு சொன்னாலும் காதுக்கு உறுத்தும். எட்டுக்கு அடுத்தது ஒன்பதுதானே, அப்புறம் ஏன்னு முழிக்க வேண்டியதில்ல, அந்த ஒத்த நோட்டுதான் காரணம். ஏ, சி, டி, ஈ, ஜின்னு அஞ்சே நோட்ல சுத்துற பேஸ்லைனா இருந்தா அந்த எஃப் பிரச்சனையே வராது, அந்த மாதிரி ட்ராக் 8ஏ கூடவும் ஒட்டும், 9ஏ கூடவும் ஒட்டும். இப்படிப்பட்ட ட்ராக்ஸ தனியா ஒரு ப்ளேலிஸ்ட்ல சேத்து வச்சுக்கங்க, எங்கயாவது மாட்டிக்கிட்டா கை கொடுக்கும்.

டெம்போவையும் கீயையும் தனித்தனியா சொல்லிட்டு வந்தேன், உண்மைல ரெண்டும் பிணைஞ்சது. வேகத்த மாத்துற பிட்ச் ஃபேடர நகத்தினா வேகம் மட்டும் மாறல, சுருதியும் சேர்ந்து ஏறும் இறங்கும், வைனில் எப்பவும் இப்படித்தான். கிட்டத்தட்ட 5.95 சதவீதம் வேகம் கூட்டினா சுருதி ஒரு செமிடோன் ஏறும், அதாவது கீபோர்டுல கருப்பு வெள்ளை எல்லாம் சேத்து அடுத்த ஒரு கட்டைக்கு. செமிடோன நூறா பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட், ஆக ஒரு சதவீத வேகத்துக்கு சுமார் 17 சென்ட். இப்ப ஒரு கணக்கு: முதல் ட்ராக் 120 பிபிஎம், 8ஏ. ரெண்டாவது 123 பிபிஎம், 9ஏ. ரெண்டாவத 120க்கு இறக்கினா கிட்டத்தட்ட 2.4 சதவீதம் குறையுது, சுருதி 43 சென்ட் இறங்குது, பாதி செமிடோனுக்குப் பக்கத்துல. இப்ப அது ஈ மைனரும் இல்ல, அதுக்குக் கீழ இருக்கிற கீயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல அந்தரத்துல நிக்குது. வீல்ல எந்த நம்பரும் அத காப்பாத்தாது.

சில பேரு என்ன பண்ணுவாங்கன்னா ரெண்டையும் நடுவுல கொண்டு வருவோம், ஒண்ண 121.5க்கு ஏத்து, இன்னொண்ண 121.5க்கு இறக்குன்னு. டெம்போ அழகா சேரும், ஆனா சுருதி இடைவெளி அதே 43 சென்ட்தான், ஒரு சென்ட் கூட குறையாது, ஏன்னா அந்த இடைவெளிய முடிவு பண்றது ரெண்டு ட்ராக்கோட ஒரிஜினல் வேகத்துக்கு நடுவுல இருக்கிற விகிதம், நீங்க எந்த டெம்போல சந்திக்க வைக்கிறீங்கங்கிறது இல்ல. வைனில்ல, இல்லாட்டி கீ லாக் ஆஃப் பண்ணி மிக்ஸ் பண்றவங்க அதனாலதான் ஒரிஜினல் பிபிஎம் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ட்ராக்கா பாத்து எடுக்கணும், ஒரு பிபிஎம் வித்தியாசம்னா 14 சென்ட்தான், பெரும்பாலும் பொறுத்துக்கலாம். அதுக்கு மேலனா கீ லாக் போடுங்க, சில ப்ளேயர்ல மாஸ்டர் டெம்போன்னு எழுதியிருக்கும், அது சுருதிய அசையாம பிடிச்சுக்கிட்டு வேகத்த மட்டும் மாத்தும். இதுக்கும் ஒரு விலை உண்டு, சவுண்ட நறுக்கி மறுபடி தைக்கிற வேலை அது, ரெண்டு மூணு சதவீதம் வரைக்கும் தெரியாது, அஞ்சு சதவீதத்துக்கு மேல போனா கிக்கோட அடி மழுங்கும், வோக்கல்ல ஒரு நடுக்கம் வரும். நல்ல ஹெட்ஃபோன்ல கிக்க மட்டும் கவனிச்சுக் கேளுங்க, புரிஞ்சிடும்.

கீ லாக் இல்லாம வேகம் மாத்தினா நம்பரையும் மாத்திப் படிக்கணும். ஏ மைனர்ல இருக்கிற 127 பிபிஎம் ட்ராக்க 120க்கு இறக்கினா கிட்டத்தட்ட முழு செமிடோன் இறங்கிடும், அது இனிமே 8ஏ இல்ல, 1ஏ. அது கூட சேர வேண்டியது 12ஏ, 2ஏ. லேபிள்ல 8ஏன்னு போட்டிருக்கேன்னு இன்னொரு 8ஏவப் போட்டா நல்லாவே மோதும்.

லேபிள்னு சொன்னதும் ஒண்ணு தெளிவா சொல்லிடணும். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, ட்ராக்டர், மிக்ஸ்ட் இன் கீ எல்லாமே கீய கண்டுபிடிச்சு எழுதி வைக்கும், உதவி பெருசு, ஆனா டீப் ஹவுஸ்ல அந்த நம்பர் ஒரு யூகம்னு எடுத்துக்கிறதுதான் நல்லது. காரணம் மூணு சொல்வேன். ஒண்ணு, இந்த மியூசிக்ல டோரியன் ரொம்ப அதிகம், டியை வீடா வச்சுக்கிட்டு ஏ மைனரோட அதே ஏழு நோட்ட வாசிச்சா சாஃப்ட்வேர் அத 7ஏன்னும் சொல்லும், 8ஏன்னும் சொல்லும், ரெண்டுலயும் ஓரளவு நியாயம் இருக்கு. நல்ல வேளையா இந்தத் தப்பு பக்கத்து நம்பர்லதான் விழும், பெருசா கெடுக்காது. ரெண்டாவது கொஞ்சம் பெரிய விஷயம். ஒரே மைனர் செவன்த் கார்ட சாம்பிள் பண்ணி, இல்ல சிந்தோட கார்டு மெமரில வச்சு, அப்படியே மேலயும் கீழயும் நகத்துறது டீப் ஹவுஸோட பழைய பழக்கம். ஏ மைனர் செவன்த்ல இருந்து அதே வடிவம் சி மைனர் செவன்துக்குப் போகுதுன்னா ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட் எல்லாம் வந்து நிக்கும், இது ஏ மைனர்லயே கிடையாது, ஆக அந்த ட்ராக்குக்கு ஒத்த கீன்னு ஒண்ணு இல்லவே இல்ல. மூணாவது, பழைய ரெக்கார்டுல இருந்து சாம்பிள் எடுத்த ட்ராக் 440 ஹெர்ட்ஸ் சுருதில உக்காராம 20, 30 சென்ட் தள்ளி இருக்கலாம், லேபிள் கிட்டத்துல இருக்கிற கீயத்தான் காட்டும், அந்தத் தள்ளல காட்டாது.

அதனால லேபிள வச்சு ஒரு அஞ்சாறு ட்ராக்க வடிகட்டுங்க, அப்புறம் காதால முடிவு பண்ணுங்க. எப்படின்னா, ஓடிட்டு இருக்கிற ட்ராக்ல கார்டு நல்லா கேக்கிற 8 பார லூப் போடுங்க, பேஸ் நோட்டு மனசுல உக்கார்ற வரைக்கும் வாயத் தொறந்து ஹம் பண்ணுங்க, அந்த ஹம்ம விடாம ரெண்டாவது ட்ராக்க ஹெட்ஃபோன்ல கேளுங்க. ஹம் அதுக்குள்ள இயல்பா உக்காந்தா சேரும், உங்க குரல் தானா நழுவ ஆரம்பிச்சா சேராது. ஃபோன்ல ஒரு பியானோ ஆப் இருந்தா பேஸ் நோட்ட தேடிப் பிடிச்சு ட்ராக்கோட கமெண்ட்ல எழுதி வச்சுக்கலாம், வீட்ல உக்காந்து பண்ண வேண்டிய வேலை இது, மிக்ஸ் ஓடும்போது பண்ற வேலை இல்ல.

கலக்கிறப்ப முக்கியமானது பேஸ். எவ்ளோ பொருத்தமான கீயா இருந்தாலும் ரெண்டு பேஸ்லைன ஒண்ணா ஓட விடாதீங்க, கீழ் அதிர்வெண்ல ரெண்டு சேர்ந்தாலே குழம்பிடும். ரெண்டாவது ட்ராக்க லோ ஈக்யூ முழுசா இறக்கி வச்சு ஃப்ரேஸ் முதல் பீட்ல விடுங்க, முதல் 16 பார் அதோட ஹேட், பெர்கஷன் மட்டும் மெல்ல தெரியட்டும், அடுத்த 16 பார்ல மிட்ட ஏத்தி பேட உள்ள விடுங்க, அடுத்த ஃப்ரேஸோட முதல் பீட்ல ரெண்டு லோ நாபையும் ஒரே நேரத்துல திருப்பி பேஸ மாத்துங்க. கீ நல்லா பொருந்தின மிக்ஸ்ல அந்த இடத்துல தரை மட்டும் மாறும், மேல மிதக்கிற கார்டு அப்படியே இருக்கும், ஆடுறவங்க உடம்புல அது தெரியும். முதல் ட்ராக்கோட மிட்ட இதுக்கு அப்புறம் அவசரப்படாம இறக்குங்க.

ரொம்ப ஆசைப்பட்டு அடுத்து போட்டே ஆகணும்னு நினைக்கிற ட்ராக் வீல்ல எங்கயோ தூரத்துல இருக்குன்னா விட்டுடாதீங்க. கார்டு இல்லாத ட்ரம் இன்ட்ரோவுக்கு கீன்னு பெருசா ஒண்ணும் இல்ல, முதல் ட்ராக்கோட அவுட்ரோ ட்ரம்ஸும் ரெண்டாவதோட இன்ட்ரோ ட்ரம்ஸும் மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி வச்சா எந்தக் கீல இருந்தும் எந்தக் கீக்கும் போயிடலாம். கீ ஷிஃப்ட் இருக்கிற ப்ளேயர்னா ஒரு செமிடோன் நகத்திப் பாக்கலாம், அதுக்கு மேல நகத்தினா வோக்கல் செயற்கையா கேக்கும். ரெண்டு நம்பர் மேல, உதாரணமா 8ஏல இருந்து 10ஏ போனா சுருதி முழுசா ரெண்டு செமிடோன் ஏறும், ஏழு நம்பர் மேல போனா, 8ஏல இருந்து 3ஏ, ஒரு செமிடோன் ஏறும், ரெண்டுமே ஒரு எழுச்சியக் கொடுக்கும், ஆனா இத நீளமா கலக்காதீங்க, ப்ரேக்டவுன் (ட்ரம்ஸ் அடங்கி நிக்கிற பகுதி) முடியிற இடத்துல சட்டுன்னு மாத்துங்க.

ஒரு முழு செட்டுக்கு யோசிக்கும்போது டெம்போவ ஒரே ட்ராக் மாத்தத்துல 118ல இருந்து 122க்கு தூக்காதீங்க. ஒரு ட்ராக் மட்டும் தனியா ஓடுற நேரத்துல, சில பாருக்கு ஒரு தடவ 0.1னு ஃபேடர நகத்தினா யாருக்கும் தெரியாது, ஒரு மணி நேரத்துல நீங்க நினைச்ச இடத்துக்கு வந்துடலாம், கலவை ஓடிட்டு இருக்கும்போது மட்டும் ஃபேடர தொடாதீங்க. அதே மாதிரி முழு செட்டையும் 8ஏலயே ஓட்டினா மோதல் ஒண்ணும் இருக்காது, ஆனா நகராத மாதிரி ஆயிடும், மூணு நாலு ட்ராக்குக்கு ஒரு தடவையாவது வீட்ட மாத்துங்க. ஆரம்பிக்கிறதுக்கு உங்க கலெக்ஷன்ல இருந்து 120லருந்து 122க்குள்ள இருக்கிற ஒரு 8ஏ ட்ராக், ஒரு 9ஏ ட்ராக் எடுங்க, கீ லாக் போட்டு 32 பார் கலந்து ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் அதே ரெண்ட கீ லாக் இல்லாம ஒரு தடவ, 9ஏவுக்கு பதிலா 3ஏ போட்டு ஒரு தடவ. மூணு ரெக்கார்டிங்கையும் அடுத்தடுத்து ஹெட்ஃபோன்ல கேளுங்க.